வேலி வளைந்த இடம்

கனடாவில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை தோறும் படம் அனுப்புவாள். மலையடிவாரத்தில் அந்த ஊர்ச் சபை போட்டு வைத்திருக்கும் நடைபாதைகள். பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு வரைபடப் பலகை, களைத்தால் குந்தி இருக்க ஒரு நீள வாங்கு, நாயைக் கொண்டு போகிறவர்களுக்குத் தனியாக ஓர் அறிவித்தல். “அம்மா, இஞ்சை சும்மா நடக்கிறதுக்கெண்டே பாதை போட்டு வைச்சிருக்கினம், பாருங்கோ” என்று குரலும் கூடவே வரும். பார்க்கிறேன். நல்ல வடிவுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சல் வருகிறது. இந்தக் குடாநாட்டில் ஏறுவதற்கு ஒரு மேடுகூட இல்லை, அது போகட்டும். இருந்த பாதையையும் நாங்களே தின்றுவிட்டோம் என்று அவளுக்கு நான் சொன்னதில்லை. கூடத் தின்றவள் நான் என்றும் சொன்னதில்லை.

சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டு ஒழுங்கை நேரே வயல்வெளிக்குப் போகிறது. நான் கலியாணம் முடித்து வந்த காலத்தில் அதால் வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டில் போகும். ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு மதகு. அதில் நின்று பார்த்தால் வயல், அதற்கப்பால் மாடு மேய்கிற தரவை, மாரியில் மட்டும் தண்ணீர் ஓடுகிற வழுக்கையாறு, தூரத்தில் பனைகள். வேறொன்றும் கண்ணை மறிக்காது. என் வீட்டுக்காரர் தபால் கந்தோரில் வேலை முடிந்து வந்து, தேத்தண்ணியைக் குடித்த கையோடு அங்கே நடப்பார். ஒரு மணித்தியாலம் மதகில் இருந்துவிட்டு வருவார். “அங்கை என்னத்தை வைச்சுப்போட்டு வந்தனீங்கள், நெடுக ஓடுறியள்?” என்று கேட்பேன். “காத்து” என்பார்.

வேலிக்கு வருவோம். மாரிக்கு முன்னம் பட்டுப்போன கதியால் தடியைப் பிடுங்கிவிட்டுப் புதியதை நடவேண்டும். பச்சைத் தடியை நட்டால் மழைக்கு வேர் பிடித்துத் தழைத்து, அதுவே வேலியாகிவிடும். பழைய குழியில் நட்டால் பிடிக்காது என்று எங்களுக்கு ஒரு சாட்டு. புதுக் குழியை யாராவது தங்கள் காணிக்குள்ளே தோண்டுவார்களா? ஒழுங்கைப் பக்கம் ஒரு சாண் தள்ளித் தோண்டுவது. ஒரு சாண்தானே! நான் அப்படி எத்தனை மாரி செய்தேன் என்று எண்ணிப் பார்க்க விருப்பமில்லை. முன்வீட்டுக்காரியும் தன் பக்கத்தில் அதையேதான் செய்தாள். அவள் ஒரு சாண் நட்டால் நான் சும்மா விடுவேனா? “அது பொது வழி. அதிலை கை வையாதையும்” என்பார் அவர். “நீங்கள் பேசாமல் இருங்கோ, உங்களுக்கு ஒண்டும் விளங்காது” என்று வாயை அடைத்துவிடுவேன். அப்படிச் சேர்த்த மண்ணில் நான் என்ன கண்டேன்? இரண்டு செவ்வரத்தை, ஒரு கறிவேப்பிலை. அவ்வளவுதான்.

போன வருசம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய் ஏழெட்டுச் சொல்தான் மிஞ்சியது. அதில் ஒன்று “வயல்.” ஆஸ்பத்திரியால் வந்த நாளில் இருந்து, பின்னேரம் நாலு மணியானால் தொடங்கிவிடுவார். வயல், வயல். சோற்றை வேண்டாம் என்று தள்ளுவார், மருந்தைத் துப்புவார். வயலுக்குக் கொண்டு போகிறேன் என்றால் மட்டும் முகம் நிமிரும். மகள் ஒழுங்கு செய்து ஒரு சக்கர நாற்காலி வந்தது.

முதல் நாள் படலையால் வெளியே வந்து இருபது அடி போயிருக்கமாட்டோம், நாற்காலி இறுகிவிட்டது. ஒரு சில்லு முன்வீட்டு வேலி முள்முருக்கில், மற்றச் சில்லு என்னுடைய வேலிக் கிளுவையில். நான் அவசரத்தில் பலமாகத் தள்ளினேன். கிளுவை முள் அவருடைய வழங்காத வலக்கையைக் கீறி இரத்தம் வந்தது. அவருக்கு அது நோகவும் இல்லை. கையைப் பார்க்காமல் வேலியைப் பார்த்தார். பிறகு கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஐயோ, வாய் இருந்திருந்தால் இரண்டு ஏச்சு ஏசியிருப்பார், என் மனமும் ஆறியிருக்கும். நான் அந்த இடத்திலேயே நின்று அழுதேன். பிறகு பின்பக்கமாக இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

அடுத்த நாளே வேலி அடைக்கிறவரைக் கூப்பிட்டேன். அவர் குழி தோண்டுகிற அலவாங்கை ஊன்றிக்கொண்டு, “எங்கையம்மா போடுறது?” என்று கேட்டார்.

“உள்ளுக்கு. இன்னும் உள்ளுக்கு. அந்தச் செவ்வரத்தையையும் தறியுங்கோ.”

கோடையில் கதியால் பிடிக்காது என்பதால் காய்ந்த தடிகளை நட்டுத் தென்னோலைக் கிடுகு கட்டினோம். முன்வீட்டுக்காரி தன் படலையில் வந்து நின்றாள்.

“என்னக்கா, விதானையார் வந்து ஏதும் சொன்னவரோ?”

“ஒருத்தரும் வரேல்லை. இவரைக் கொண்டு போக வேணும்.”

அவள் விறாந்தையில் இருந்த நாற்காலியைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அன்று முதல் ஒவ்வொரு பின்னேரமும் தள்ளினேன். சொல்ல லேசு. எனக்கும் அறுபத்தாறு வயது. மணலில் சில்லுப் புதையும், கல்லில் துள்ளும், மோட்டார் சைக்கிள்காரன் ஹோர்ன் அடித்தபடி இடுப்பை உரசிக்கொண்டு போவான். இரவில் முதுகும் நாரியும் விட்டுப்போகும். மதகடியில் போய் நின்றதும் அவர் ஒரு பெருமூச்சு விட்டு அமைதியாகிவிடுவார். நான் வயலையும் பார்ப்பதில்லை, காற்றும் எனக்குத் தெரிவதில்லை. வீட்டில் கிடக்கிற வேலையையும் திரும்பித் தள்ளவேண்டிய தூரத்தையும் நினைத்துக்கொண்டு நிற்பேன். அலுத்துப்போனேன் என்பதுதான் உண்மை. இன்றைக்கு ஒருநாள் இவர் கேட்காமல் விட்டால் என்ன என்றுகூட நினைத்திருக்கிறேன்.

ஐப்பசி பிறந்தது. ஒருநாள் காலை முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன், ஒழுங்கையில் அலவாங்குச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் முன்வீட்டுக்காரி கதியால் நடுவிக்கிறாள். என் வேலியைப் பிடுங்கிய அதே மனிதரைக் கொண்டுதான். இரண்டு குழி தோண்டியாயிற்று. இரண்டும் நான் விட்டுக்கொடுத்த இடத்தை நோக்கித் தள்ளி.

“என்ன வேலை தங்கச்சி இது? இவரின்ரை கதிரை என்னெண்டு போறது?”

“என்ரை வேலியை நான் அடைக்கிறன்.”

“அது பொது வழியெல்லோ?”

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரும்பினாள். “அக்கா, எத்தினை வரியமாய் நீங்கள் தள்ளித் தள்ளி நட்டனீங்கள். அப்ப அது பொது வழியெண்டு தெரியேல்லையோ?”

வாயாடி என்று ஊரில் பெயர் எடுத்தவள் நான். ஆனாலும் அவள் கேட்டதில் என்ன பிழை?

விறாந்தையில் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டும் சத்தம் கேட்டது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இடக்கையை நீட்டி ஒழுங்கையைக் காட்டினார். “இப்ப காலமையப்பா, வயலுக்குப் பின்னேரம் போவம்” என்றேன். இல்லை என்று தலையாட்டினார். தள்ளிக்கொண்டு போனேன். குழிகள் தோண்டிய இடத்துக்கு வந்ததும் கையை உயர்த்தினார். நிறுத்தினேன். இடக்கையாலேயே பிறேக்கை இழுத்துப் போட்டார்.

வேலி அடைக்கிறவர் திகைத்துப்போய், “ஐயா, கொஞ்சம் அங்காலை இருக்கலாமே?” என்றார். அசையவில்லை. “அண்ணை, வெயில் ஏறுது, உள்ளுக்குப் போங்கோ” என்றாள் முன்வீட்டுக்காரி. ஆளுக்குக் காதே கேட்காத மாதிரி.

ஒன்பது மணிக்கு வந்தவர். பத்தானது, பதினொன்றானது. மழைக்கு முந்தின வெயில் மண்டையைப் பிளந்தது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். “காணும், வாங்கோ. திரும்பவும் ஏதும் வந்திட்டால் நான் தனிய என்ன செய்யிறது?” என்று கெஞ்சினேன், பிறகு ஏசினேன். தண்ணீர் பருக்கினேன், பாதி கடைவாயால் வழிந்தது. காலம் முழுக்க நான் வாயை அடைத்த மனிதர் ஒரு சொல்லும் இல்லாமல் அங்கே இருந்தார். எனக்குப் பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. மறைப்பானேன், பெருமையாகவும் இருந்தது.

பதினொன்றரை போல முன்வீட்டுக்காரி மறுபடி வந்து அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவருடைய கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

“உந்த மனுசனுக்கு ஒண்டு நடந்தால் பழி எனக்கெல்லோ” என்று புறுபுறுத்தாள். பிறகு வேலி அடைக்கிறவரிடம், “உந்தக் குழியளை மூடிப்போட்டுப் பழைய இடத்திலையே நடுங்கோ. அண்ணையிலை அலவாங்கு பட்டிடாமல், கவனம்” என்றாள்.

வேலை முடியும் வரையும் அவர் பிறேக்கை எடுக்க விடவில்லை. அவர் இருந்த இடத்தில், அவர்மேல் படாமல் அலவாங்கை வீச இடம் வேண்டியிருந்ததால், வேலி இன்னும் ஒரு முழம் அவள் காணிக்குள்ளே போனது. இப்போதும் அந்த இடத்தில் வளைந்துதான் நிற்கிறது.

அன்று பின்னேரம் நாலு மணிக்கு அவர் வயல் என்று கேட்கவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். நான் விடவில்லை. “எழும்புங்கோ, பாதை கிடக்கு” என்று தூக்கி இருத்தித் தள்ளிக்கொண்டு போனேன். இரண்டு பக்கமும் ஒன்றும் உரசவில்லை. நாற்காலி ஒரு கையாலேயே தள்ளலாம் போல லேசாகப் போனது. வழி அகன்றதால்தான் என்று எனக்குச் சந்தோசம்.

மதகுக்குப் போனபோது அவர் தலை தொங்கி நித்திரையாகிவிட்டார். எழுப்ப மனம் வரவில்லை. நான் மதகில், அவர் முந்தி இருந்த இடத்தில் குந்தினேன். காற்று நன்றாகத்தான் வீசியது. மகளுக்கு எங்கள் பாதையையும் ஒருநாள் காட்டுவோமே என்று, பின்னால் வயல் தெரிய அவரை ஒரு படம் எடுத்து அனுப்பினேன்.

அங்கே விடிந்துவிட்டது போல, உடனே மறுமொழி வந்தது. “அம்மா, அப்பா ஏன் உப்பிடி மெலிஞ்சு போனார்?”

திரும்பிப் பார்த்தேன். தினம் தினம் நாற்காலியின் பின்னால் நின்று தள்ளுகிற எனக்கு அவருடைய பிடரி மட்டும்தான் தெரியும். அவர் போட்டிருந்த சேட்டுக்குள்ளே ஆளைக் காணவில்லை. தள்ளுவது ஏன் லேசாக இருந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.