முதுகில்லாத மேலங்கி

லண்டன் டூட்டிங்கில் ஒரு ட்ரை கிளீனிங் கடையின் பின்னறையில் எமில்டா நான்கு வருடங்களாகக் காற்சட்டைக் கால்களை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். நாளுக்கு இருபது சோடி வரும். உயரமானவர்களின் காற்சட்டை அவரிடம் வருவதே இல்லை. "இந்த நாட்டில எல்லாரும் கட்டையன்மார்தான் போல" என்று கணவர் கிறிஸ்துராஜாவிடம் சொல்லிச் சிரிப்பார்.

மன்னாரில் அவர் செய்த வேலை வேறு. பங்குக் கோயில் திருவிழாவுக்குப் பீடத்து மாதா சுரூபத்துக்குப் போர்த்தும் மேலங்கியைப் பதினொரு வருடம் அவர்தான் தைத்தார். திருவிழாவன்று சனம் முதலில் மாதாவின் முகத்தைப் பார்க்கும், அடுத்தது எமில்டாவின் சரிகை வேலையைப் பார்க்கும். லண்டனில் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காதவர்களிடம் அவரும் சொல்லவில்லை.

1984ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு பெரிய ஆள் தையல் விட்ட கறுப்புக் காற்சட்டை ஒன்றுடன் கடைக்குள் வந்தான். வாசலில் தலையைக் குனிந்துதான் வர முடிந்தது. பெயர் செபமாலைமுத்து, ஊர் மன்னார்; அவன் தகப்பனை எமில்டாவுக்கு ஊரில் தெரியும். பகலில் கோலியர்ஸ் வுட் பெற்றோல் செட்டில் வேலை. சனிக்கிழமைகளில் நகர மண்டபங்களில் மல்யுத்தம்.

"மல்யுத்தமோ? என்ன பேரில?" என்று கேட்டார் எமில்டா.

"வங்காள ராஜா."

"உன்ர அப்பர் கருவாடு போட்டு வித்தவரெல்லோ? நீ எப்ப வங்காளத்துக்குப் போனனி?"

"நான் எங்க அக்கா போனன்? மல்யுத்தம் நடத்துற முதலாளி ஏதோ படத்தைப் பாத்துப் பேர் வைச்சான். ராஜா எண்டால் கெட்டவனாம். வெள்ளைக்காரன் நல்லவனாம். ஒவ்வொரு கிழமையும் நான் அடி வாங்கோணும்."

"அப்ப இது பொய்ச் சண்டையோ?"

"விழுகிறது உண்மை அக்கா" என்றான்.

காற்சட்டையை வாங்க வந்த நாளில் அவன் ஒரு வீடியோ கசெற்றும் கொண்டுவந்தான். அவன் மனதில் ஒரு பெரிய விசயம் இருந்தது. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவான் போலிருந்தது.

"அமெரிக்கா முழுக்க மல்யுத்தத்துக்கு ஒரே முதலாளி இல்லை அக்கா. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொருத்தன். ஒருத்தன்ர எல்லைக்குள்ள மற்றவன் கால் வைக்கமாட்டான். சனிக்கிழமை காலமை உள்ளூர் டிவியில ஒரு மணித்தியாலம் காட்டுவினம். அதில சண்டை முடியாது, மூட்டி மட்டும் விடுவினம். முடிவு பாக்கோணுமெண்டால் சனம் மண்டபத்துக்கு வரோணும்."

"கெட்டிக்காரங்கள்தான்."

"டெனசியில இருந்து ஒரு முதலாளி மார்ச் மாதம் வாறார். மூண்டாவது சனிக்கிழமை எங்கட சண்டையைப் பாத்து ஒரே ஒரு ஆளை எடுப்பார். எடுத்தால் ஆறு மாதம் அங்க வேலை, கிழமைக்குக் கிழமை டிவி. எடுக்காட்டி, சாகும்வரைக்கும் பெற்றோல் செட்தான்."

அன்று மாலை எமில்டாவின் வீட்டில் கசெற்றைப் போட்டுப் பார்த்தார்கள். அமெரிக்காவில் டிவி வந்த புதிதில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. ஒருவன் தரையைத் தொடும் மேலங்கியோடு வந்தான். சண்டை தொடங்க முன்னரே சனம் எழும்பி நின்று கத்தியது. அவன் அசையவில்லை. ஒரு பணியாள் மேலங்கியை வாங்கி மடிக்கும்வரை அப்படியே நின்றான்.

"பாத்தியளோ? அவன் இன்னும் ஒருத்தனையும் தொடேல்லை. உடுப்பே பாதிச் சண்டையைப் பிடிச்சிட்டுது" என்றான் முத்து. "என்னட்ட இருக்கிறது குளிச்சிட்டுப் போடுற ஒரு அங்கிதான்."

எமில்டா படத்தை நிறுத்தச் சொல்லி அந்த மேலங்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அளவு நாடாவை எடுத்து வந்தார். "எழும்பி நில். கையை விரி" என்றார்.

அப்டன் பார்க்கில் மூன்று கடை ஏறி இறங்கிக் கருநீல வெல்வெற் எடுத்தார். சரிகையும் மினுங்கும் சிறு வில்லைகளும் எடுத்தார். கணவர் பஸ் டிப்போவுக்கு விடியற்காலை ஷிப்டுக்குப் போனதும் ஐந்தரைக்குத் தையலில் உட்கார்ந்தால், கடைக்குப் போகும் நேரம் வரை கையெடுக்கமாட்டார். மார்பின் இரு பக்கமும் இரண்டு மயில்கள். தோகைகள் தோளில் ஏறிக் கைகளின் நுனிவரை விரிந்தன. தோகையில் கண்ணுக்குக் கண் வேறு நிறம். ஆறு கிழமை சென்றது. கிறிஸ்துராஜா ஒருநாள் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுக்கொண்டு போய் அடி வாங்கவோ போறான்?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் மூன்றாவது சனிக்கிழமை மாலை எமில்டா தன் கையாலேயே மேலங்கியை மண்டபத்துக்குக் கொண்டுபோனார். ஒரு மல்யுத்தத்தையும் அவர் நேரில் பார்த்ததில்லை. உடை மாற்றும் அறையில் முத்து அதைப் போட்டு நின்றபோது, பக்கத்தில் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரன் கட்டுவதை நிறுத்திவிட்டு விசிலடித்தான். எமில்டாவுக்கு உள்ளம் குளிர்ந்தது. சனம் எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்க்கக் கதவைக் கொஞ்சம் திறந்தார்.

மண்டபத்தின் நடுவில் கயிறு கட்டிய மேடை. அதைச் சுற்றி நாலு பக்கமும் கதிரைகள். நாலு பக்கமும் சனம்.

எமில்டா திரும்பி முத்துவைப் பார்த்தார். அவன் குனிந்து பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். அவனுடைய முதுகு வெறும் நீலமாக இருந்தது. ஒரு வில்லை இல்லை, ஒரு சரிகை நூல் இல்லை.

மாதா சுரூபம் மாடத்தில் நிற்பது. பின்னால் சுவர். பவனி போவதோ வேறொரு சின்னச் சுரூபம். அதற்குக் கன்னியர் மடத்தில்தான் உடுப்புத் தைத்தார்கள். பதினொரு வருடத்தில் ஒருமுறைகூட எமில்டா முதுகுக்குப் பூ வைத்ததில்லை. கசெற்றிலும் கமரா ஒரே பக்கத்தில் நின்றது. முதுகைப் பற்றி நினைக்க அவருக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

"தம்பி, நான் பெரிய பிழை விட்டிட்டன்" என்றார். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார்.

முத்து மேலங்கியைக் கழற்றிப் பார்த்தான். அதை மடிக்கத் தொடங்கினான். "பரவாயில்லை அக்கா. போடாமல் போறன்."

"எங்க இருக்கிறார் அந்த அமெரிக்கர்?"

"வாசலுக்கு நேர் எதிர்ப் பக்கம். முன் வரிசை. மண்ணிறக் கோட்."

"அப்ப அவருக்கு நேர நில். சுரூபம் திரும்பிறேல்லை, நீயும் திரும்பாதை. நாடியைத் தூக்கு. கையைக் கொஞ்சம் உடம்பில இருந்து விலத்திப் பிடி, அப்பத்தான் தோகை விரியும். முதுகை நான் மறைக்கிறன்."

"நீங்களோ? அக்கா, அந்தச் சனத்தை உங்களுக்குத் தெரியாது. முன்னுக்கு இருக்கிற கிழவியள் குடையால குத்துவாளவை."

"குத்தட்டும்" என்றார் எமில்டா. குளிருக்குப் போட்டிருந்த கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். உள்ளே பூசைக்குக் கட்டும் சேலை. முந்தானையை இழுத்துச் செருகினார். கடையில் "செவ்வாய்க்கிழமை ரெடி" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசக் கூச்சப்படும் பெண், எண்ணூறு பேர் கூச்சலிடும் மண்டபத்துக்குள் முத்துவின் முதுகோடு ஒட்டி நடந்தார்.

பாதி வழியில் தொப்பி போட்ட ஒரு கிழவி எழும்பினாள். "போ உன் ஊருக்கு, ராஜா!" என்று கத்தி, கைப்பையை ஓங்கினாள். அது முத்துவுக்குப் படாமல் எமில்டாவின் தோளில் விழுந்தது. உள்ளே ஒரு தேத்தண்ணிப் போத்தலாவது இருந்திருக்க வேண்டும். எமில்டா தள்ளாடவில்லை. ஒதுங்கினால் முதுகு தெரியும்.

முத்து மேடையில் ஏறி அமெரிக்கருக்கு நேரே நின்றான்; எமில்டாவும் ஏறி அவன் பின்னால் நின்றார். நாடி உயர்ந்தது. கைகள் விலகின. மேடை வெளிச்சத்தில் இரண்டு மயில்களும் எரிந்தன. முன்பக்கத்துச் சனம் ஒரு கணம் கத்த மறந்தது. பின்பக்கத்துச் சனத்துக்கு ஒரு சேலையும் ஒரு கொண்டையும்தான் தெரிந்தன.

"இந்தப் பக்கம் திரும்பு!" என்றது ஒரு குரல். அவன் திரும்பவில்லை. "காசு குடுத்து வந்திருக்கிறோம், திரும்படா!" அவன் திரும்பவில்லை. எவ்வளவு கத்தினாலும் தங்களைத் திரும்பிப் பார்க்காத ஒருவனை அந்த மண்டபம் அதுவரை கண்டதில்லை. வழமையாகக் கெட்டவர்கள் நாலு மூலைக்கும் ஓடி ஓடி வசை வாங்குவார்கள். இவனோ நின்ற இடத்தில் நின்றே நாலு பக்கத்து வசையையும் எடுத்துக்கொண்டிருந்தான். காகிதக் கோப்பைகள் பறந்தன. மணி அடிப்பவர் இரண்டு தரம் மணியை அடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

எமில்டா சுரூபத்தின் போர்வையைக் களைவது போல முத்துவின் தோளிலிருந்து மேலங்கியை மெதுவாக இறக்கினார். மயில்கள் மேலே தெரிய மடித்துக் கையில் ஏந்திக்கொண்டு படியிறங்கினார்.

அன்று முத்து தோற்றான். தோற்க வேண்டியவன்தான். அவன் விழுந்தபோது சனம் கதிரைகளில் ஏறி நின்று ஆர்ப்பரித்தது.

சண்டை முடிந்து அமெரிக்கர் உடை மாற்றும் அறைக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். சுற்றி வளைக்காமல் பேசினார்.

"மண்டபங்களில் பழகியவர்களை எங்கள் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனால் எனக்குத் தலையிடி. கமரா ஒரு பக்கத்தில்தான் நிற்கும். இவர்கள் பழக்கத்தில் சுற்றிச் சுற்றி முதுகைக் காட்டுவார்கள். அதை மறக்கடிக்கவே மாதக் கணக்காகும். நீ எனக்கு நேரே நின்றாய், அசையவில்லை. யார் பழக்கியது?"

முத்து எமில்டாவின் பக்கம் கையைக் காட்டினான். அமெரிக்கர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த அம்மாவும் வரவேண்டும். இருவருமாக வந்தால் ஆறு மாதம்" என்றார்.

முத்து மொழிபெயர்த்தான். எமில்டா சிரித்தார். "எனக்கு எங்கையடா போக ஏலும்? விசாப் பேப்பரே இன்னும் ஹோம் ஒஃபிஸில கிடக்குது. மனிசன் இருக்கிறார், கடை இருக்குது."

"நீங்கள் இல்லாமல் நானும் போகேல்லை."

"விசர்க் கதை கதையாதை."

பிறகு அவர் அமெரிக்கருக்கு நேரே திரும்பினார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "இவன் நல்லவன். நின்றது இவன். நான் துணி மட்டும். முதுகையும் தைத்துத் தருவேன். பத்து நாள். அதற்குப் பிறகு இவனுக்கு நான் தேவையில்லை."

அமெரிக்கர் மேலங்கியை வெளிச்சத்தில் பிடித்துத் தையலைப் பார்த்தார். பிறகு முத்துவிடம் கையை நீட்டினார்.

முதுகும் தைத்து முடித்த மேலங்கியோடு ஏப்ரலில் முத்து விமானம் ஏறினான். டெனசியில் அவனைச் சனம் ஆறு மாதமும் வெறுத்தது. அந்தத் தொழிலில் கெட்டவனுக்கு அதைவிடப் பெரிய பெயர் இல்லை. அதன் பிறகு அடுத்த எல்லைக்காரர் அவனைக் கூப்பிட்டார். பெரிய கம்பனிகள் நாடு முழுக்க ஒரே டிவியில் ஒரே மல்யுத்தத்தைக் காட்டத் தொடங்கிவிட்டன என்றும், சின்ன முதலாளிகள் ஒவ்வொருவராகக் கடையைப் பூட்டுகிறார்கள் என்றும் கடிதத்தில் எழுதினான். பூட்டும்வரை தான் நிற்பேன் என்றும் எழுதினான்.

அந்தக் கடிதத்தோடு இன்னொரு தாளும் இருந்தது. அவனோடு சண்டை பிடிக்கும் மூன்று பேரின் அளவுகள். மூவருக்கும் மேலங்கி வேண்டுமாம். கிறிஸ்துராஜா அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் வாசித்தார்.

"நெஞ்சு அறுபத்திரண்டு அங்குலமாம். இது மனிசனோ அலுமாரியோ?"

"சாப்பாட்டு மேசையைத் தூக்கி நடையில வையுங்கோ. துணி விரிக்க இடம் காணாது" என்றார் எமில்டா.