மடிசாரோடு கஸாரா மலை ஏறியது

எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். கறுப்பு நிறம், ஒல்லி உடம்பு, இரண்டு சக்கரம். கல்யாணமாகி மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்கு வந்த முதல் வாரமே அவளைத் தெரிந்துகொண்டுவிட்டேன். எங்கள் இரும்புக் கட்டிலை ஒட்டிச் சுவரில் சாய்ந்து நிற்பாள். என் கணவர் காலையில் எழுந்ததும் சுவாமி படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவளுடைய டயரை அமுக்கிப் பார்ப்பார்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. அவருக்குக் கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. திங்கள் முதல் சனி வரை காலையில் ரயிலைப் பிடித்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் முகத்தைக் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில் இருப்பார் என்று பார்த்தால், விடிவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு தாணா, கல்யாண் என்று கிளம்பிவிடுவார். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்து, கால் வலிக்கிறது என்று படுத்துக்கொள்வார். ஆறு நாள் ஆபீசுக்கு, ஒரு நாள் சைக்கிளுக்கு. தாலி கட்டிக்கொண்டவளுக்கு எந்த நாள்? கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, தங்கமான பிள்ளை என்று ஊரே சொன்னது. தங்கம்தான், யார் இல்லை என்றது? அந்தத் தங்கம் வீட்டில் தங்கவில்லை என்பதுதான் என் குறை.

எட்டு மாதம் பொறுத்தேன். எனக்குப் பொறுமை ஜாதகத்திலேயே கிடையாது என்று என் அம்மா சொல்வாள். ஆகவே அந்த எட்டு மாதத்தை எட்டு வருஷமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வாய்விட்டே கேட்டேன்.

"ஏன்னா, நாளைக்காவது ஆத்துல இருக்கப்படாதா?"

"நாளைக்கு பீவண்டி வரைக்கும் போலாம்னு இருக்கேன்."

"அப்போ என்னையும் அழைச்சிண்டு போங்கோளேன்."

"எங்க, கேரியர்லயா? ரெண்டு மைல் போறதுக்குள்ள எனக்கு மூச்சு போயிடும்." அவர் சிரித்தார். "நீயும் ஓட்டக் கத்துக்கோ. எங்க வேணும்னாலும் அழைச்சிண்டு போறேன்."

சிரித்துக்கொண்டு சொன்னதுதான். ஆனால் நான் அதை அப்படியே முடிந்துவைத்துக்கொண்டேன்.

எதிர்வீட்டில் ஒரு மராத்திக்காரி இருந்தாள். என்னைவிடப் பத்து வயது பெரியவள், நல்ல கட்டுமஸ்தான உடம்பு. மத்தியானம் என் மாமியார் கண்ணயர்ந்ததும் நாங்கள் இரண்டு பேரும் கடையில் ஒரு வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு, கட்டிடத்துக்குப் பின்னால் இருந்த பொட்டலுக்குப் போவோம். அவள் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவாள். "சமோர் பக! சமோர் பக!" என்று கத்துவாள். முன்னால் பார் என்று அர்த்தம். நான் காலைத்தான் பார்ப்பேன், விழுவேன். முழங்கால் வீங்கி நொண்டி நடந்தபோது மாமியார் கேட்டார். குழாயடியில் வழுக்கிவிட்டது என்றேன். ஒரே மாதத்தில் குழாயடி நாலு தடவை வழுக்கியது.

விழுந்ததற்குப் பாதி காரணம் புடவை. ஆறு கஜத்தின் கொசுவம் சங்கிலியில் போய் மாட்டிக்கொள்ளும். ஒரு நாள் அதைப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தபோது, மராத்திக்காரி தன் இடுப்பைத் தட்டிக் காட்டினாள். அவள் கட்டியிருந்தது கச்சம் வைத்த ஒன்பது கஜம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று கட்டுவீர்களே, அதற்கு என்ன வந்தது என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பண்டிகைக்கும் திவசத்துக்கும் மட்டும் கட்டி, எப்போது அவிழ்ப்போம் என்று அலுத்துக்கொள்ளும் மடிசார்! கால் இரண்டையும் தனித்தனியாக விட்டுவைக்கும் கட்டு அது. சைக்கிளுக்காகவே எந்தப் புண்ணியவதியோ கண்டுபிடித்திருக்க வேண்டும்.

ஆறாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தபோது நான் வாசலில் வாடகை சைக்கிளில் மடிசாரோடு இரண்டு சுற்று சுற்றிக் காட்டினேன். அவர் முகம் போன போக்கை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. சொன்ன சொல்லை விழுங்கவும் முடியவில்லை, பெண்டாட்டியை நடுரோட்டில் அழைத்துப் போகவும் துணிச்சல் இல்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்.

"நாசிக் ரோட்டுல இருக்கற கஸாரா மலை ஏறணும். தள்ளிண்டு வேணா வரலாம், ஆனா வழியில எந்த லாரியிலயும் ஏறப்படாது. மேல ஏறிட்டேன்னா எல்லா ஞாயித்துக்கிழமையும் நாம சேர்ந்து போலாம். லாரியில ஏறிட்டயானா அதுக்கப்புறம் இந்தப் பேச்சே கூடாது. சம்மதமா?"

நான் பயந்து பின்வாங்கிவிடுவேன் என்று நினைத்துத்தான் சொன்னார். அடுத்த வாரமே போகலாம் என்றேன்.

மாமியார் என்ன சொல்வாரோ என்ற கவலை வேறு. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நாசிக் பக்கம் போகிறோம் என்றதும் அங்கே ஓடும் கோதாவரி ஞாபகம் வந்திருக்கும் போலிருக்கிறது. "மடிசார் கட்டிண்டுதானே போறா, போகட்டும்" என்று உள்ளே போய்விட்டார். ஆறு கஜத்தில் கிளம்பியிருந்தால் அன்றைக்கு வாசலைத் தாண்டியிருக்க மாட்டேன்.

குர்லாவில் முதல் ரயிலின் லக்கேஜ் பெட்டியில் சைக்கிள்களை ஏற்றிக் கஸாராவில் இறங்கினோம். அங்கிருந்து மலைப்பாதை. மாசி மாதத்து வெயில் எட்டு மணிக்கே முதுகில் ஏறிவிட்டது. ஒரு பக்கம் கன்னங்கரேல் என்று பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம். முதல் வளைவு வரை மிதித்தேன். இரண்டாவது வளைவில் நாக்கு வெளியே வந்துவிட்டது. மூன்றாவதிலிருந்து தள்ளத் தொடங்கினேன். அவர் ஒவ்வொரு வளைவிலும் போய் நின்று திரும்பிப் பார்ப்பார், நான் கிட்டே வந்ததும் மறுபடி கிளம்புவார். எனக்கு இளைப்பாற இடமே கொடுக்கவில்லை மனிதர்.

பாதி மலையில் ஒரு காலி லாரி என் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி, சைக்கிளைப் பின்னால் போடு தாயே, மேலே இறக்கிவிடுகிறேன் என்றார். என் புடவைக்கட்டைப் பார்த்துவிட்டு மராத்தியிலேயே பேசினார். பாதம் எரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மேல் வளைவில் அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏறிவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மறுபடியும் நானும் மாமியாரும் குழாயடியும். டிரைவருக்குக் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டேன்.

மலை உச்சியில் இருக்கும் இகத்புரி வந்து சேர்ந்தபோது எனக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. ஆனால் ஜெயித்துவிட்டேன். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, மிளகாய்ப்பொடி தடவிய இட்லியைப் பிரித்தேன். அவர் எதிரே தெரிந்த மலையைக் காட்டினார்.

"அதோ பார். இதெல்லாம் ஒரு காலத்துல பூமிக்குள்ளேர்ந்து நெருப்புக் குழம்பா கொதிச்சு வழிஞ்சது. வழிஞ்சு ஆறும், அதும்மேல மறுபடி வழியும்."

"அதான் தோசையை அடுக்கின மாதிரி இருக்கு."

"உனக்கு மலையைப் பார்த்தாலும் தோசைதான்!" ஆனால் அவருக்கு அது பிடித்துவிட்டது. அந்தப் பாறை உதிர்ந்துதான் கரிசல் மண் ஆகிறது, அதில்தான் நாசிக் திராட்சை விளைகிறது என்று சொல்லிக்கொண்டே போனார். கல்யாணமானதிலிருந்து வீட்டில் பேசியதைவிட அந்த மரத்தடியில் அதிகம் பேசினார். இவருக்கு இவ்வளவு பேச வருமா என்று நான் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த மனிதரைத்தான் ஒவ்வொரு வாரமும் ரோட்டுக்குப் பறிகொடுத்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது.

கிளம்பும்போது காலி டப்பாவை அவருடைய பழைய வேஷ்டியில் சுற்றி அவர் கேரியரில் நான்தான் கட்டினேன். சந்தோஷத்தில் கட்டிய முடிச்சு.

மலைக்கு மேலே நாசிக் போகும் பாதை சுகமாக இருந்தது. ஏற்றம் கொஞ்சம், இறக்கம் நிறைய. நாசிக் நெருங்கும் இடத்தில் நீளமாக ஒரு சரிவு. இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டங்கள். கல்தூண்களுக்கு மேல் கம்பி கட்டிக் கொடியைப் படரவிட்டிருந்தார்கள், பச்சைப் பந்தலுக்கடியில் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. அவர் மிதிப்பதை நிறுத்திவிட்டு வண்டியைச் சரிவில் விட்டார். அப்போதுதான் பார்த்தேன். கேரியரில் முடிச்சு அவிழ்ந்து, வேஷ்டியின் ஒரு முனை பின்சக்கரத்தின் பக்கத்தில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கம்பிகளுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டால் சக்கரம் அப்படியே நின்றுவிடும், அவர் தலைகுப்புற விழுவார். எதிரே வரிசையாக லாரிகள்.

"ஏன்னா!" என்று கத்தினேன். காற்று அதை என் வாயிலேயே திணித்தது. "இங்க பாருங்கோ! ஏன்னா!" திரும்பவில்லை. மணியை விடாமல் அடித்தேன். அவருக்கு அது கேட்டது. நான் பந்தயத்துக்குக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு தன் மணியையும் அடித்துவிட்டு இன்னும் வேகமாக மிதித்தார்.

எங்கள் வீடுகளில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். ரேஷன் ஆபீசில் கேட்டபோதுகூட அட்டையில் விரலை வைத்துக் காட்டினேன். அந்த ஆள் என் பின்னால் நின்றவளிடம், இவள் ஊமையா என்று கேட்டான். அப்படிக் காத்த பெயர். சொன்னால்தான் ஆயுசு குறையுமா, சொல்லாவிட்டால் குறையுமா என்று யோசிக்க நேரம் இருக்கவில்லை. பெயரைச் சொன்னேன். 'அவர்', 'இவர்' ஒன்றும் சேர்க்காமல், முழுப் பெயரையும், தொண்டை கிழிய.

இரண்டு பிரேக்கையும் பிடித்து அப்படியே நின்றுவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது வேஷ்டி முனை சக்கரக் கம்பியில் ஒரு சுற்று சுற்றியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. "மணியடிச்சா நிக்கணும்னு தெரியாதா உங்களுக்கு?" என்று கத்தினேன். அவர் குனிந்து துணியைப் பிரித்தார். பிரித்த பிறகும் அதை விடாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் என் கோபம் போய்விட்டது.

தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நான் போட்ட சத்தத்தில் ரோட்டுக்கே வந்துவிட்டார்கள். எல்லாரும் என்னைப் போலவே கச்சம் கட்டியவர்கள். என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். அவர் மராத்தியில் சொன்னார். கத்தியது புருஷன் பெயரை என்று தெரிந்ததும் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, எல்லாருமே சிரித்தார்கள். அவர்களும் பெயர் சொல்லாதவர்கள்தானாம். கல்யாணம் கார்த்திகையில் நாலு பேர் வற்புறுத்தினால் மட்டும் ஒரு பாட்டுக்குள் கோத்துச் சொல்வார்களாம், இப்படி நடுரோட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லையாம். உனக்குப் பரிசு தரத்தான் வேண்டும் என்று என் மடியில் இரண்டு கொத்துத் திராட்சையைப் போட்டார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

அவர்கள் தோட்டத்துக்குள் திரும்பிய பிறகு நாங்கள் ரோட்டோரத்தில் உட்கார்ந்து பழத்தைத் தின்றோம். நான் இல்லாதபோது, இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் இவர் தனியாகத்தானே இந்தச் சரிவுகளில் இறங்கியிருப்பார் என்று எனக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கும் அதேதான் ஓடியிருக்க வேண்டும்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நீ முன்னாடி போ. நான் பின்னாடி வரேன்" என்றார்.

"எதுக்கு? என்னால உங்க வேகத்துக்குப் போக முடியாது."

"மெதுவாவே போ. நீ கூப்பிட்டா எனக்குக் கேக்கணுமோன்னோ?"

எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. என்னடி என்று கேட்டார். பழம் ரொம்பப் புளிப்பு என்று சொல்லிவிட்டு, இன்னும் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.