பிடித்து இழுத்தால் நெளிகிற அப்பா

எட்டு வயதுவரை எனக்கு அப்பா என்றால் பிடித்து இழுத்தால் நெளிகிற ஒருவர். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு எங்கள் முன்னறைக் கணினித் திரையில் வருவார். அவர் தெரிகிற பெட்டியின் மேல்விளிம்பை மவுஸால் பிடித்து ஓர் இழுவை இழுத்தால் முகம் ஒரு பக்கம் நீளும், தோள் பின்னால் இழுபடும், விட்டதும் ஜெலி மாதிரித் தளும்பித் தளும்பி நிற்பார். தளும்பியபடியே "சாப்பிட்டியளோ?" என்று கேட்பார். கட்டாரில் இருக்கிற அவருக்குத் தான் தளும்புவது தெரியாது என்பதில் எனக்கு இருந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

இந்த வித்தையைக் கொண்டுவந்தவர் அண்ணை. உயர்தரம் படித்துக்கொண்டிருந்தார். படிப்புக்கென்று அப்பா வாங்கித் தந்த கணினியில் இருந்ததையெல்லாம் ஒரே நாளில் அழித்துவிட்டு லினக்ஸ் போட்டார். அம்மா இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அப்பாவின் முகம் முன்பைவிடத் தெளிவாக வந்ததும் மன்னித்துவிட்டார்.

அப்பாவை நெளிய வைப்பது யார் என்று அறியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அண்ணையைக் குடைந்து குடைந்து கேட்டேன்.

"ஒவ்வொரு புரோகிராமும் தன்ரை படத்தைத் தனியக் கீறி வைக்கும். கொம்பொசிற்றர் எண்டு ஒண்டு இருக்கு. அது எல்லாத்தையும் வாங்கி, எது முன்னுக்கு எது பின்னுக்கு எண்டு அடுக்கி, நெளிக்கிறதை நெளிச்சு ஒரு படமாக்கும். அதைக் கொண்டுபோய்த் திரையிலை போடுறது டிஸ்பிளே சேர்வர்."

"அப்ப அப்பாவை நெளிக்கிறது கொம்பொசிற்றரோ?"

"ஓம்."

"அப்பாவுக்கு நோகாதோ?"

"படத்தைத்தானடி நெளிக்கிறது!"

எனக்கு அந்த வித்தியாசம் அவ்வளவாகப் பிடிபடவில்லை.

பழைய கணினிக்கு இந்த நெளிப்பைத் தாங்கச் சத்தில்லை என்று, சுன்னாகத்தில் கணினி திருத்தும் சிநேகிதனிடம் பாவித்த கிராபிக்ஸ் காட் என்கிற படம் கீறும் அட்டை ஒன்றை வாங்கி அண்ணை உள்ளே பூட்டியிருந்தார். அதனால் பெட்டியின் பின்பக்கம் திரையின் வயரைச் செருக இரண்டு துளைகள் ஆகிவிட்டன. மேலே இருந்தது பழையது, வேலைக்கு உதவாது. கீழே இருந்தது புதுக் காட்டினுடையது. மாறிச் செருகிவிடக் கூடாதென்று மேல் துளைக்கு ரேப் என்கிற கறுத்த ஒட்டுநாடாவை ஒட்டியிருந்தார். இவ்வளவும் போதாதென்று டிஸ்பிளே சேர்வருக்கான கோப்பு ஒன்றைத் தன் கையாலேயே எழுதி, வாரத்துக்கு ஒரு வரி கூட்டுவதும் ஒரு வரி குறைப்பதுமாக இருப்பார். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் திரை இருண்டுபோகும். அதனால் வியாழக்கிழமைக்குப் பிறகு அதில் கைவைக்கக் கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். அப்பாவை வாரத்தில் அந்த ஒரு மணித்தியாலம்தான் காணலாம். அதைத் தவறவிட்டால் இன்னும் ஏழு நாள் காத்திருக்க வேண்டும்.

அம்மாவுக்கு மவுஸ் பிடிக்கவே வராது. ஒருமுறை பச்சையை அமத்தப் போய்ச் சிவப்பை அமத்தி அப்பாவைத் துண்டித்துவிட்டார். அன்று முதல் அண்ணை ஒரு வழி செய்தார். கணினியைப் போட்டாலே எல்லாம் தானாகத் திறக்கும். அப்பாவின் அழைப்பு வந்தால் தானாகவே எடுபடும், திரைக்கு மேலே பூட்டிய கமராவும் அதிலிருக்கிற மைக்கும் தானாகவே தொடங்கும். அம்மா சீலையை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து இருந்தால் போதும்.

அந்த வருடம் சரஸ்வதி பூசை வந்தது. புத்தகம் கொப்பியெல்லாம் சாமியறையில் அடுக்கியாகிவிட்டது. விஜயதசமி காலைவரை ஒன்றையும் தொடக் கூடாது என்பதால் எனக்கு அது வருடத்தின் மிகச் சிறந்த நாள். அண்ணை இரண்டே இரண்டு கொப்பியோடு வந்து நின்றார். அம்மா விடவில்லை.

"உன்ரை படிப்பெல்லாம் உந்தப் பெட்டிக்குள்ளைதானே கிடக்கு? அதையும் கொண்டுவந்து வை."

திரை பாரம். அதை மேசையிலேயே விட்டுவிட்டுப் பெட்டியும் இரண்டு ஸ்பீக்கர்களும் சாமியறைக்குப் போயின. சாமிக்கு முன்னால் வைக்கிற எதையும் அம்மா துடைக்காமல் வைப்பதில்லை. ஈரத்துணியால் பெட்டியை முன்னும் பின்னும் துடைத்தவருக்குக் கறுத்த ரேப் கண்ணில் பட்டது. "சாமிக்கு வைக்கிறதிலை இது என்ன ஊத்தை?" என்று உரித்துவிட்டார். ஒட்டிக்கொண்டிருந்த பசையை நகத்தால் சுரண்டிக் கொடுத்தவள் நான். பிறகு சந்தனமும் குங்குமமும் வைத்து, செவ்வரத்தம்பூவும் வைத்தோம். கணினி அவ்வளவு வடிவாக இருந்ததை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை.

விஜயதசமி வெள்ளிக்கிழமையில் வந்தது. காலையில் பூசை முடிந்து, நான் பேருக்கு நாலு வரி வாசித்து முடித்ததும், அண்ணை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். மேசைக்குக் கீழே தலையைக் கொடுத்து வயர்களைப் பூட்டினார். பார்த்துச் செய்ய அங்கே வெளிச்சமில்லை. ரேப் இல்லாத துளைதான் சரியான துளை என்று அவருடைய விரலுக்குத் தெரியும். முதலில் தட்டுப்பட்டது மேல் துளை. ரேப் இல்லை. செருகிவிட்டார்.

திரையில் ஒன்றுமில்லை. சிக்னல் இல்லை என்று ஒரு வரி காட்டிவிட்டுப் படுத்துவிட்டது. அண்ணையின் முகம் செத்துப்போயிற்று. பூசைக்கு முதல்நாள் கோப்பில் ஒரு வரி கூட்டியிருந்தார். அதுதான் பிழைத்துவிட்டது என்று முடிவுகட்டிவிட்டார். கணினி தொடங்கும்போது வருகிற முதல் எழுத்துகளே வரவில்லை, அதற்கும் அந்தக் கோப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இப்போது இதே வேலையைப் படிக்கிற எனக்கு இது தெரிகிறது. அன்று ஊருக்கே கணினி சொல்லிக்கொடுத்த அண்ணைக்கு அது தோன்றவில்லை. குற்றம் செய்த மனம் வேறு எதையும் பார்க்க விடாதுபோலும்.

பிறகு அவர் செய்ததை நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். குருடர்போல, இருட்டுத் திரையைப் பார்த்தபடியே கட்டளை கட்டளையாக அடித்தார். பெயர், கடவுச்சொல், பழைய கோப்பைத் திரும்பப் போடும் வரி. இடையிடையே ஒரு விசையை அமத்தி, விசைப்பலகையில் சின்ன விளக்கு எரிந்து நூருகிறதா என்று பார்ப்பார்.

"பாரடி, லைற் பத்துது. உள்ளுக்கை சீவன் இருக்கு."

"அப்ப ஏன் முகத்தைக் காட்டேல்லை?"

நிற்பாட்டிப் போட்டுப் பார்த்தார், திரும்பவும் அடித்தார். சாமிக்கு வைத்த பெட்டியை நகத்தால் சுரண்டியதால் வந்த வினை என்று எனக்குள் பயம். வாயைத் திறக்கவில்லை. மூன்று மணியானதும் அண்ணை சைக்கிளை எடுத்தார்.

"சுன்னாகத்துக்குப் போட்டு வாறன். ஒருத்தரும் ஓவ் பண்ணிப்போடாதேங்கோ, அப்பிடியே கிடக்கட்டும்."

நாலு மணிக்கு அம்மா வழக்கம்போலச் சீலை மாற்றி, பவுடர் போட்டு, வந்து இருட்டுத் திரைக்கு முன்னால் இருந்தார். பழக்கதோசம்தான். அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா அவலும் கடலையும் கொண்டு வந்தார். பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற அம்மாவின் தமக்கை.

"என்னடி, சூனியத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறாய்?"

"பழுதாப் போச்சக்கா. நல்லது. இண்டைக்கெண்டாலும் சிரிக்காமல் இருக்கலாம்."

அம்மா சீலைத் தலைப்புக்குள்ளிருந்து இடக்கையை வெளியே எடுத்தார். மணிக்கட்டு வீங்கியிருந்தது. கிணற்றடியில் வழுக்கி விழுந்து மூன்று வாரம். வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கையைச் சீலைக்குள் மறைத்துக்கொண்டுதான் அப்பாவோடு கதைத்தார். பெரியம்மா நல்லெண்ணெய் எடுத்துவரச் சொல்லி, மேசையிலேயே அந்தக் கையை வைத்து உருவத் தொடங்கினார்.

"அந்தாளுக்குச் சொன்னால் என்ன?"

"சொன்னால் அங்கை நித்திரை கொள்ளுமே? நான் சுகம், பிள்ளையள் சுகம், எல்லாம் சுகம் எண்டு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உழையுதக்கா. வெள்ளிக்கிழமை வருதெண்டாலே பயமாக் கிடக்கு."

நான் சும்மா இருக்கவில்லை. திரைக்குள் அப்பா எங்கேயாவது ஒளித்து நிற்கிறாரா என்று மூக்கைக் கண்ணாடியில் முட்டி எட்டிப் பார்த்தேன். மவுஸைப் பிடித்து, வழக்கமாக அவர் நிற்கிற இடத்தில் இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் நெளியவில்லை. "அப்பா கறுத்துப் போட்டார்" என்றேன். பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"பாத்தியளே அக்கா? இவளுக்குத் தகப்பன் எண்டால் பிடிச்சு ஆட்டுற படம். போன கிழமை கேக்கிறாள், அப்பாவுக்குக் கால் இருக்கோ எண்டு. அந்தாள் நேரை வந்து நிண்டாலும் இவள் இந்தத் திரையைத்தான் பாப்பாள்."

சொல்லிவிட்டு அம்மா அழுதார். கை நோகிறதாக்கும் என்று நினைத்து, பெரியம்மாவை மெதுவாக உருவச் சொன்னேன்.

ஐந்தரை மணிபோல அண்ணை வந்தார். கோப்பைப் பார்க்கிறதுக்கு முதல் வயரைப் பார் என்று சிநேகிதன் சொல்லி அனுப்பியிருந்தான். ரோச் லைற்றை அடித்துக்கொண்டு மேசைக்குக் கீழே போனார். ரேப்பைக் காணவில்லை. வயரைப் பிடுங்கிக் கீழ்த்துளையில் செருகியதும் திரை பளிச்சென்று வந்தது. நான் கைதட்டினேன். அண்ணை கைதட்டவில்லை. நடுத்திரையில் அப்பாவின் பெயரும் அழைப்பு முடிந்தது என்ற வரியும் அதன் கீழே நாற்பத்தேழு நிமிடம் என்ற கணக்கும் நின்றன.

"என்னண்ணை அது?"

"அது பழசு."

மூடிவிட்டார். அந்த எண் என்ன என்று எனக்குச் சொல்ல அவருக்குப் பத்து வருடம் பிடித்தது. இருண்டிருந்தது எங்கள் பக்கம் மட்டும்தான். உள்ளே டிஸ்பிளே சேர்வரும் கொம்பொசிற்றரும் ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. நாலு மணிக்கு அப்பாவின் அழைப்பு வந்தது, பழக்கியபடி தானாக எடுபட்டது, கமராவும் தொடங்கியது. அப்பா எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார். எங்கள் ஸ்பீக்கர்கள் சாமியறையில் பூவோடு கிடந்தன. தன்னை எங்களுக்குத் தெரியவில்லை, கேட்கவில்லை என்று அவருக்கு விளங்கியிருக்கும். துண்டித்துவிட்டுக் கைபேசியில் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அந்த வீங்கிய கையையும் என் மூக்கையும் பார்த்துக்கொண்டு, அம்மா சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, நாற்பத்தேழு நிமிடம் இருந்திருக்கிறார். அம்மாவுக்கு இது இன்றைக்கும் தெரியாது.

"நான் இல்லாத நேரம் அம்மா என்ன கதைச்சவ?" என்று அண்ணை கேட்டார். கேட்டால் போதாதா எனக்கு? எண்ணெய் உருவியது முதல் கால் விசயம் வரைக்கும், அம்மாவின் குரலிலேயே நடித்துக் காட்டினேன்.

அப்போது கைபேசி அடித்தது. அப்பா. அம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தார்.

"இஞ்சரும், இண்டைக்கு இஞ்சை நெற் சரியில்லை. நான் எடுக்கவே இல்லை. பாத்துக்கொண்டிருந்தனீரோ?"

"இல்லையப்பா, இஞ்சையும் பழுது. நல்லதாப் போச்சு. நாங்கள் எல்லாரும் சுகம்."

"ஓம்" என்றார் அப்பா. "ஓம், சுகமா இருங்கோ."

அண்ணை எழுந்துபோய்க் கணினியில் எதையோ திறந்து, ஒரு சரிக்குறியை எடுத்துவிட்டார். நான் மவுஸைப் பிடித்து ஒரு பெட்டியை இழுத்தேன். பலகை மாதிரி விறைப்பாக வந்தது. வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக் கொண்டுவந்த நெளிப்பை அவரே நிற்பாட்டிவிட்டார். நிலத்தில் விழுந்து கத்தினேன்.

"காட் சூடாகுதடி. எரிஞ்சு போடும்."

"பொய்!"

"சூடாகுதெண்டு சொல்லுறனெல்லே!"

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் அப்பா மரச்சட்டம் மாதிரி நின்றார். எவ்வளவு இழுத்தாலும் நெளியவில்லை. அண்ணையோடு எனக்கு அப்படி ஒரு கோபம் அதற்கு முன் வந்ததில்லை.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் அப்பா ஒரேயடியாக வந்து இறங்கினார். கொம்பனியில் ஆட்களைக் குறைத்துவிட்டார்களாம். அம்மா கவலைப்பட்டார், சந்தோசப்பட்டார், திரும்பவும் கவலைப்பட்டுக்கொண்டே தேத்தண்ணி போட உள்ளே போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். திரையில் பார்த்ததைவிட அவர் கட்டை, கறுப்பு. கிட்டப் போகப் பயமாக இருந்தாலும், மூன்று மாதமாக நெஞ்சில் வைத்திருந்த வழக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனது.

"அப்பா, அண்ணை ஜெலியை நிப்பாட்டிப் போட்டார். உங்களை ஆட்ட ஏலாது. காட் சூடாகுதெண்டு பொய் சொல்லுறார்."

அப்பா அண்ணையைப் பார்த்தார். அண்ணை தலையைக் குனிந்து அப்பாவின் பெட்டியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார், அவிழாத முடிச்சையே அவிழ்த்துக்கொண்டிருந்தார். அப்பா என்னைத் தூக்கி மடியில் வைத்தார்.

"பொய்யில்லையம்மா. அது சூடாகும். நிப்பாட்டினது நல்லது."

கணினியில் எங்களைக் கூப்பிட மட்டுமே தெரிந்த அப்பாவுக்கு இது எப்படித் தெரியும்? வந்து அரை மணித்தியாலம் ஆகவில்லை, அதற்குள் இரண்டு பேரும் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார்கள் என்பது மட்டும் எனக்கு விளங்கியது. மடியிலிருந்து வழுகி இறங்கி, நியாயம் கேட்க அம்மாவிடம் ஓடினேன்.