சாலையை எடுக்காத காட்டுக்கணக்கு

ஈரத் தரையில் கால் வைக்க மாட்டார். அலுவலகத்தில் நான் துடைத்த இடம் காயும்வரை, இரண்டு கால்களையும் நாற்காலியில் மடக்கி வைத்துக்கொண்டு சாமியார் மாதிரி உட்கார்ந்தே வேலை பார்ப்பார். அடுத்த அறையிலிருந்து இயக்குநர் கூப்பிட்டாலும் "பத்து நிமிஷம் சார்" என்பார். ஏன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் காட்டுக்கணக்கு. காடு எதனால் அழிகிறது என்று கணினியில் கணக்குப் போடுவது வேலை. சாலை, மாடு, மழை, மரத்தின் விலை, விறகு பொறுக்குபவர்கள் என எல்லாவற்றையும் உள்ளே போட்டால், யார்மேல் எவ்வளவு பழி என்று நூற்றுக்கு இத்தனையாக அது பிரித்துக் கொடுத்துவிடுமாம். கடவுள் கடைசி நாளில் செய்ய வேண்டிய வேலை. இவர் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவார். காட்டைக் காப்பாற்ற நாளுக்கு ஒரு கட்டுத் தாள் அச்சடிப்பார். காட்டுக்குள் மட்டும் போனதில்லை, அட்டை கடிக்குமாம். மேசையில் இருந்த ஒரே செடியும் தண்ணீர் இல்லாமல் செத்தது. அதற்குக் காரணம் கண்டுபிடிக்கக் கணினி தேவைப்படவில்லை.

இந்த முறை கணக்கு சாலையைக் காட்டியது. நூற்றுக்கு அறுபது. விறகு பொறுக்குபவர்களுக்கு நான்குதான். அந்தச் சாலையைப் போட்டதோ எங்கள் மேலிடம். இயக்குநர் தங்கமான மனிதர், யார் மனதையும் நோகடிக்க மாட்டார்; முக்கியமாக மேலே இருப்பவர்கள் மனதை. கணக்கிலிருந்து சாலையை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். போட்டதும் விறகுக்காரர்கள் நாற்பதுக்கு ஏறிவிட்டார்கள். "இப்பதான்யா கணக்கு அழகா வருது" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். அந்த அறிக்கை போனால், விறகு பொறுக்கிப் பிழைக்கும் காட்டோரத்து இருநூறு குடும்பங்களும் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

இவர் கையெழுத்துப் போடவில்லை. அறிக்கை மேலே போகவில்லை. இவர்தான் போனார், ஊர்க்கோடிக் கிடங்குக்கு, உடைந்த நாற்காலிகளை எண்ண.

பெட்டியோடு படி இறங்கியவரிடம் கேட்டேன், பிள்ளைகுட்டிக்காரர், சாலை என்ற ஒரு வார்த்தையை எடுத்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று. பெட்டியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

"சாலைய எடுத்துட்டா அதோட பழி காணாமப் போயிடாதுக்கா. பக்கத்துல இருக்கறவங்க மேல போய் உக்காந்துக்கும். அவங்க தலையில ஏற்கெனவே விறகு இருக்கு. அதுக்கு மேல எங்க வைக்கிறது?"