மணி அடித்ததும் குனிந்தவர்

மாப்பிள்ளையின் இடது காது கேட்காமல் போனதற்கு நான்தான் காரணம். போன வாரம்வரை இது வீட்டில் யாருக்கும் தெரியாது.

அவர் சிறுவயதிலிருந்தே சிலம்பமும் வெறுங்கைக் குத்துவரிசையும் பழகியவர். நான் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்று, தொலைக்காட்சியில் கம்பிக் கூண்டுக்குள் கையாலும் காலாலும் மோதும் கூண்டுச் சண்டை பார்க்கிறவன். சாப்பிடும்போது அவரைச் சீண்டுவேன்.

"திருவிழால சுத்திக் காட்ட சரி மாப்பிள்ளை. கூண்டுக்குள்ள ரெண்டு நிமிஷம் நிப்பீங்களா?"

"கம்பைப் புடுங்கிடுவீங்க, கண்ணுல கை வைக்காதம்பீங்க, தொண்டையத் தொடாதம்பீங்க. அப்புறம் தோத்துட்டேன்னு சொல்லுவீங்க. இது என்னா சோதனை மாமா?" என்று சிரிப்பார்.

ஒருநாள் சிரிக்கவில்லை. "ஏற்பாடு பண்ணுங்க லா, பாத்துடுவோம்" என்றார்.

குருபோங் வட்டாரத்தில் கடைவீட்டு மாடி ஜிம் ஒன்றில் பேசி முடித்தேன். எதிரில் நிற்கப்போகிறவன் என்னிடம் படித்தவன். கையுறை மாட்டும்போது மாப்பிள்ளை ஒன்றே ஒன்று கேட்டார்.

"மணி அடிச்சதும் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் கை தூக்குவேன். அதுவரைக்கும் பொறுக்கச் சொல்லிடுங்க மாமா."

"சொல்றேன்" என்றேன்.

அவனிடம் போனேன். தோளைத் தட்டினேன். சொல்லாமல் திரும்பினேன். தெருவில் அடிக்க வருகிறவன் பொறுப்பானா? அதையும் சேர்த்தே பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். மறந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

மணி அடித்தது. அவர் குனிந்தார். மெத்தையைத் தொட்ட கை கண்ணுக்குப் போவதற்குள் உதை காதில் விழுந்தது. ஈரத்துணியைக் கல்லில் அடித்தது போல் ஒரு சத்தம்.

"காலைப் புடிச்சுத் தள்ளத்தான் குனியறாருன்னு நெனச்சேன் சார்!" அவன் கையுறையோடு தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவர்கள் விளையாட்டில் குனிவதற்கு அதுதான் பொருள். நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று குத்துவரிசையும் தோற்கவில்லை, கூண்டும் ஜெயிக்கவில்லை. ஒரு மனிதர் என் வார்த்தையை நம்பிக் குனிந்தார், அவ்வளவுதான்.

போன வாரம் கிளேபாங் கடற்கரைக் கடையில் தேங்காய் ஷேக் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அவருக்கு இடப்பக்கம் இருந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். "என்ன மாமா?" என்று திரும்பினார். எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. நாற்காலியை வலப்பக்கம் இழுத்துப் போட்டு மறுபடி சொன்னேன்.

அவர் குடிக்கவில்லை. உறிஞ்சுகுழாயால் கிண்டிக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பையன்கிட்ட இதைச் சொன்னீங்களா?"

"இல்ல."

"ஜிம் பக்கமே போறதில்லையாம் அவன். என்னைப் பாத்தா ரோட்டைத் தாண்டி ஓடுறான்." சாவியை எடுத்தார். "எழுந்திரிங்க."

காரில் நான் உட்கார்ந்தது அவருடைய கேட்காத காதுப் பக்கம்.

அவன் வீட்டு வாசலில் கார் நின்றது. கேட்டைத் திறந்தவன், "வாங்க சார்" என்றான். பின்னால் நின்ற மாப்பிள்ளையைக் கண்டதும் தலை குனிந்தான்.

"நீ நிமிருப்பா" என்றேன்.