எடுத்து வைத்த மாம்பழ மஞ்சள்

நான் முதலில் குறை சொன்னது உட்காரும் இடத்தைத்தான். வயிற்று வலியைப் பிறகுதான் பொருட்படுத்தினேன். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் விற்பனையாளனாக இருக்கிறேன். வெள்ளை மெத்தையில் சம்மணமிட்டு அமர்ந்து, நாள் முழுக்கப் புடவை விரித்துக் காட்டுவது என் வேலை. ஒரு பருவத்தில் அந்த மெத்தை கல்லாகிவிட்டது போலிருந்தது. இடுப்பெலும்பும் கணுக்காலும் குத்தின. பஞ்சு அமுங்கிவிட்டது என்று முதலாளியிடம் குறை சொன்னேன். பாவம், புது மெத்தை போட்டுக் கொடுத்தார். அப்போதும் குத்தியது.

சாப்பிட்டால் இடது அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். அதற்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்தேன். மதியச் சோறு பாதியாகி, பிறகு வெறும் மோரானது. சட்டை தொளதொளத்தது. "இன்னாண்ணே, டயட்டா? சின்னப் பையனாட்டம் ஆயிட்டீங்க" என்று கடையில் கிண்டல் செய்தார்கள். எனக்கு உள்ளூரப் பெருமைதான். புடவையைக் கையில் வாங்கியதும் எத்தனை கிராம் என்று சொல்லிவிடுவேன். என்னை நிறுத்துப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

என் மனைவி கஸ்தூரிக்குத் தோன்றியது. "கன்னம் ஒட்டிப் போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்க" என்று தினமும் நச்சரித்தாள். முகூர்த்த சீசன் முடியட்டும் என்றேன். சீசன் முடியும் முன்பே, ஒரு பெண் வீட்டார் முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெத்தையில் சாய்ந்தேன்.

வந்திருந்தது டைவர்டிகுலைட்டிஸ் (பெருங்குடல் சுவரில் சிறு பைகள் உண்டாகி, அவை புண்ணாகிச் சீழ் பிடிப்பது). ஒரு பை வெடித்து, குடலில் ஓட்டை விழுந்திருந்தது. உடனே அறுவை செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றார்கள். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள எடை இயந்திரத்தில் ஏறினேன். நாற்பத்தோரு கிலோ. "மிஷின் சரியா இருக்குதா சிஸ்டர்?" என்று என் மகள் ரேவதி கேட்டது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு எனக்குத் தெளிவாக எதுவும் நினைவில்லை.

அறுவை நல்லபடியாக முடிந்ததாம். கெட்டுப்போன குடல் பகுதியை எடுத்துவிட்டு, கொலாஸ்டமி (மலம் வெளியேற வயிற்றில் தற்காலிகமாக வைக்கும் திறப்பு) வைத்தார்கள். சில மாதங்கள் கழித்து இன்னொரு அறுவையில் அதை மூடிவிடலாம். பரிசோதனையில் புற்று இல்லை என்றும் வந்தது. இவ்வளவும் பின்னால் எனக்குச் சொல்லப்பட்டவை. அந்த நாட்களில் நான் தென்னேரியில் இருந்தேன்.

தென்னேரி கஸ்தூரியின் ஊர். ஊரை ஒட்டிப் பெரிய ஏரி. அந்தத் தண்ணீரின் மேல் எங்கள் கடை மெத்தை விரித்திருந்தது. காலையா மாலையா என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சம். எங்கோ உயரத்தில் மின்விசிறி சுற்றியது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புடவை விரிந்து, மெல்ல மெல்ல என் மடியில் இறங்கியது. மயில் கழுத்து, அரக்கு, வெங்காயத் தோல் என்று விதவிதமான நிறங்கள். நான் விரித்துக்கொண்டே இருந்தேன். பார்க்க வந்தவர்கள் யாருக்கும் முகம் இல்லை. அது எனக்கு வினோதமாகவும் படவில்லை. எனக்கு எடையே இல்லை. அது சுகமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

பயமும் அங்கேயே இருந்தது. தண்ணீர் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. பட்டு நனைந்தால் போச்சு. புடவைகளை மேல் தட்டில் ஏற்றிவிட எழுந்தேன்.

வார்டில் நடந்தது வேறு. போர்வையை மடித்து மடித்து விரித்திருக்கிறேன். கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் குழாயைப் பிடுங்கிவிட்டுக் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்திருக்கிறேன். "அப்பா, இது ஆஸ்பத்திரிப்பா. படுப்பா" என்று ரேவதி அழுதிருக்கிறாள். ஓடி வந்து தோளைப் பிடித்த கஸ்தூரியைப் பார்த்து, "உட்காருங்கம்மா. கல்யாணத்துக்கா, நிச்சயத்துக்கா?" என்று கேட்டேனாம். முப்பது வருடம் என்னோடு வாழ்ந்தவளிடம்.

"இது டெலிரியம் (அறுவைக்குப் பின் திடீரென வரும் மனக்குழப்பம், ஏறும், இறங்கும்)" என்று டாக்டரம்மா அவர்களை உட்கார வைத்துச் சொன்னார். "பைத்தியம் இல்லம்மா. பெரும்பாலும் தெளிஞ்சிடும். தொற்று, மருந்து, தூக்கமில்லாதது எல்லாம் சேர்ந்து வந்திருக்கு. அதோட இவர் உடம்புல சேமிப்பே இல்ல. எடை இவ்வளவு கம்மியா இருந்தா மூளைக்கும் தாங்குற சக்தி குறைஞ்சிடும். அவரோட சண்டை போடாதீங்க. மூக்குக் கண்ணாடியைப் போட்டு விடுங்க. தெரிஞ்ச முகம் பக்கத்துலயே இருக்கட்டும்."

கஸ்தூரி பக்கத்திலேயே இருந்தாள். எங்கள் தெரு அம்மனுக்குத் துலாபாரமும் வேண்டிக்கொண்டாள். நான் பிழைத்துத் தெளிந்தால், தராசில் உட்கார வைத்து எடைக்கு எடை வெல்லம் கொடுப்பதாக.

ஒரு விடியற்காலையில் ஏரி வடிந்தது. மின்விசிறி வெறும் மின்விசிறியாகச் சுற்றியது. நாற்காலியில் கஸ்தூரி கழுத்து தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். "கஸ்தூரி, தண்ணி குடு" என்றேன். விழித்தவள் தண்ணீர் எடுக்கப் போகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள்.

வீட்டுக்கு எலும்பும் தோலுமாக வந்தேன். "இப்பவே துலாபாரத்த முடிச்சிடலாம்மா. வெல்லம் கொஞ்சம்தான் ஆவும்" என்றாள் ரேவதி.

"அடி போடி. அம்மனுக்குக் கொறச்சலா குடுப்பாங்களா? ஒடம்பு தேறட்டும். முழு ஆளா ஒக்கார வெக்கிறேன்."

அந்தச் சபதத்தை என் வயிற்றின் மேல்தான் நிறைவேற்றினாள். டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. முட்டை, மீன், பருப்பு, கேழ்வரகுக் கஞ்சி. போதும் என்றால் முறைப்பாள். அவ்வப்போது தெருமுனை மளிகைக் கடைக்கு அழைத்துப் போய், மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றுவாள். "இது பொன்னியா, பச்சரிசியா?" என்று கடைக்காரர் சிரிப்பார். முள் நகர நகர எனக்கும் ஆசை வந்தது. இளைத்ததற்குப் பெருமைப்பட்டவன், தடித்ததற்குத் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

வயிற்றுத் திறப்பை மூடும் அறுவை நெருங்கியது. ஆனால் உள்ளே ஒரு பயம் போகவேயில்லை. அறுவைக்குக் காத்திருப்பவராக இருந்தால், இதைப் படிக்கும் உங்களுக்கும் அது இருக்கலாம். கத்திக்கு நான் அஞ்சவில்லை. அந்த ஏரிக்கு அஞ்சினேன். டாக்டரம்மா சமாதானத்துக்காகப் பொய் சொல்லவில்லை. "வராதுன்னு உறுதி தர முடியாது சார். ஒரு தடவை வந்தவங்களுக்குத் திரும்ப வர வாய்ப்பு கூடுதல்தான். ஆனா இந்தத் தடவை அவசரம் இல்ல. நல்லாத் தேறி வந்திருக்கீங்க. கண்ணாடி, தூக்கம், சீக்கிரம் எழுந்து நடக்குறது, எல்லாம் நாங்க பார்த்துக்கறோம்."

இரண்டாவது அறுவையன்று காலை, தள்ளுவண்டி வரும்வரை தாழ்வாரத்தில் காத்திருந்தோம். "திரும்பவும் ஒன்ன யாருன்னு தெரியாமப் போச்சுன்னா?" என்று கேட்டே விட்டேன்.

கஸ்தூரி என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். பிறகு, அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"அன்னிக்கு நீங்க கொழாயப் புடுங்காம இருக்கணுமேன்னு, நானும் கஸ்டமர் மாரி கட்டில்ல ஒக்காந்துக்கினேன். 'வேற காட்டுங்க, வேற காட்டுங்க'ன்னு கேட்டுக்கினே இருந்தேன். நீங்களும் அமைதியா விரிச்சிக்கினு இருந்தீங்க. 'மாம்பழ மஞ்ச இருக்குதா, அரக்கு பார்டர் போட்டது?'ன்னு கேட்டேன்."

"நான் இன்னா சொன்னேன்?"

"'இருக்குதும்மா. ஆனா அத குடுக்க முடியாது. எங்க வீட்டுக்காரிக்கு எடுத்து வெச்சிருக்கேன்'னீங்க. எவ்ளோ கேட்டும் நீங்க குடுக்கல." புடவை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தெரியாமப் போனா போவட்டும். நான் யாருன்னு தெரியாதப்பவே எனக்குன்னு எடுத்து வெச்ச ஆளுதான நீங்க."

வண்டி வந்தது. படுத்தபடி போகும்போது மேலே விளக்குகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. என் கனம் வண்டியில் அழுந்துவதை உணர்ந்தேன்.

இந்த முறையும் தண்ணீர் வந்தது. கணுக்கால் அளவுதான். யாரோ மூக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். மெத்தையா கட்டிலா என்று விளங்கவில்லை. ஓரத்தில் ஒரு பெண் வந்து அமர்ந்தாள். "அண்ணே, மாம்பழ மஞ்ச இருக்குதா?" என்று கேட்டாள்.

பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. அவள் முகம் தூரத்திலிருந்து பக்கத்தில் வர வேண்டியிருந்தது.

"அது ஒனக்குத்தான், கஸ்தூரி."

அவள் அழுத அழுகையில் நர்ஸ் ஓடி வந்துவிட்டார்.

கடைக்குத் திரும்பியதும் கீழ்த் தட்டுவரை தேடினேன். அப்படி ஒரு புடவை அங்கே இல்லை. இப்போது நெய்யக் கொடுத்திருக்கிறேன், தறியில் இருக்கிறது. உடம்பில் சதை பிடித்ததும் மெத்தை மறுபடி மெத்தையாகிவிட்டது. காலையில் கண் விழித்ததும் இன்று என்ன கிழமை என்று எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன். விடை வரும்வரை எழுந்திருப்பதில்லை. சில நாள் விடை சற்றுத் தாமதமாக வருகிறது. அந்த இடைவெளியில் ஏரி வெளிச்சம் லேசாகத் தெரியும். முன்போல நான் பதறுவதில்லை.

போன மாதம் துலாபாரம் கொடுத்தோம். ஒரு தட்டில் நான். எதிர்த் தட்டில் கஸ்தூரியும் ரேவதியும் வெல்லத்தை அடுக்கினார்கள். நெடுநேரம் தட்டு அசையவில்லை. "இன்னும் வை, இன்னும் வை" என்று கஸ்தூரி சந்தோஷமாகச் சத்தம் போட்டாள். கடைசி உருண்டைக்கு என் கால்கள் தரையை விட்டு எழும்பின. தட்டு மெல்ல ஆடியது. ஏரியில் இருந்த அதே மிதப்பு. தராசுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டேன்.

"கஸ்தூரி" என்று கூப்பிட்டேன்.

"இங்கதான இருக்கிறேன்" என்றாள்.

தெரியும். பெயரைச் சொல்லிப் பார்க்கத்தான் கூப்பிட்டேன்.