ஆசா ராஜாவின் கால்கள்

வேதாகமத்தில் எத்தனையோ ராஜாக்கள் இருக்கிறார்கள். எஸ்றா அண்ணாச்சிக்கு ஆசா ராஜாவின் மேல்தான் கண். தாவீது தப்பு செய்தால் போனால் போகிறதென்று விடுவார், சாலொமோனையும் மன்னித்துவிடுவார். ஆசா மட்டும் வருஷத்துக்கு நாலு தடவையாவது அவர் வாயில் அகப்பட்டுப் படாத பாடு படுவான்.

தருவைகுளம் போகிற சாலையில், உப்பளங்கள் தொடங்குகிற இடத்தில் அண்ணாச்சியின் வீடு. முன்கூடத்தில் ஞாயிறுதோறும் ஜெபக்கூட்டம் நடத்துவார். இருபத்தைந்து பேர் வருவார்கள், எல்லோரும் உப்பளத்து ஆட்கள். முப்பத்திரண்டு வருஷம் உப்பளத்தில் கங்காணியாக இருந்து, இந்தப் பாத்தியில் நின்றபடி அந்தக் கோடியில் இருப்பவனை விரட்டிய தொண்டை அவருடையது. மைக் வாங்கித் தருகிறோம் என்று யாரோ சொன்னபோது அவர் கோபித்துக்கொண்டார்.

ஆசாவின் கதையை அவர் ஒரே மாதிரிதான் சொல்வார். முப்பத்தொன்பது வருஷம் சிங்காசனத்தில் இருந்த ராஜா. விக்கிரகங்களை உடைத்தவன். கடைசிக் காலத்தில் கால்களில் கொடிய வியாதி வந்தது. அப்போதும் கர்த்தரைத் தேடாமல் வைத்தியர்களைத் தேடினான்; இரண்டு வருஷத்தில் செத்துப்போனான். இதைச் சொல்லிவிட்டு அண்ணாச்சி புத்தகத்தை மூடுவார். "யாரைத் தேடுனான்?" என்று கேட்பார். "வைத்தியன!" என்று கூடமே சொல்லும். "என்ன ஆனான்?" "செத்தான்!" சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இது மனப்பாடம்.

அந்தக் கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதே பதிலைச் சொன்னவர்களில் ஒருத்தி அவர் மனைவி முத்துமணி. ஆறு வருஷமாகச் சர்க்கரை வியாதி. பெரியாஸ்பத்திரியில் மாதாமாதம் வரிசையில் நின்று மாத்திரை வாங்கி வருவாள். கூட்டத்தில் "செத்தான்" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டதும் அடுக்களையில் போய் மாத்திரையை முழுங்கிக்கொள்வாள். அண்ணாச்சியும் கண்டுகொள்ளாமல் இருந்தார். அப்படியே இருந்திருக்கலாம்.

கெடுத்தது ஒரு புது வருஷம். அன்றைக்கு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்தச் சீட்டு எடுப்பது வழக்கம். ஒரு தட்டில் வசனம் அச்சடித்த அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்கவேண்டும். எடுத்த வசனம் அந்த வருஷம் முழுவதற்கும் ஆண்டவர் தனக்கே கொடுத்தது என்று நம்பிக்கை. சமையலறைச் சுவரிலோ பீரோக் கண்ணாடியிலோ ஒட்டி வைத்துக்கொள்வார்கள். முத்துமணிக்கு வந்த சீட்டு, நோயைக் குணமாக்குவதாகச் சொல்கிற வசனம். அண்ணாச்சி அதை வாங்கிப் படித்தார். கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கம் பொய்யில்லை. அவளை அவர் உயிராகத்தான் நினைத்திருந்தார். அந்த வேகத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"ஏளா, கர்த்தர் எழுதிக் கையில குடுத்திருக்காரு. இனி அந்த மாத்திரைய முழுங்கினா, அவரு சொன்ன சொல்ல நம்பலன்னுல்லா அர்த்தம்?"

முத்துமணி சரி என்றாள். கூட்டத்தில் இன்னும் மூன்று பேர், அதில் உப்பு வாரப் போகிற பேச்சிச்செல்வியும் ஒருத்தி, தங்கள் மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தார்கள். அண்ணாச்சிக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

மாசி மாதம் முத்துமணியின் உள்ளங்காலில் உடைமுள் ஏறியது. முள் ஏறியதே அவளுக்குத் தெரியவில்லை. கால் மரத்துப்போயிருந்தது. சீழ் வைத்து, வீங்கி, நடக்க முடியாமல் போனபிறகுதான் பார்த்தார்கள். அண்ணாச்சி ஜெபம் பண்ணிய எண்ணெயைத் தினமும் மூன்று வேளை தன் கையாலேயே தடவினார். புண்ணைக் கழுவினார், துணி மாற்றினார். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. ஒரு புருஷன் செய்யவேண்டிய அத்தனையும் செய்தார், ஒன்றைத் தவிர.

பங்குனியில் ஒரு நாள் காலையில் அவள் பைய ஆரம்பித்தாள். "ஏங்க, ஒரு எட்டு டாக்டரப் பாத்துட்டு வந்துருவமா? சும்மா காட்டிட்டு வந்துருவோம்."

அண்ணாச்சி வேதாகமத்தை எடுத்து ஆசாவின் பக்கத்தைத் திருப்பி, அந்த ஒரே வசனத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினார். அவள் அதற்குப்பிறகு கேட்கவில்லை.

முத்துமணிக்கு ஒரு தம்பி உண்டு, வெள்ளத்துரை. அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். தாய் இறந்தபோது அவனுக்கு ஐந்து வயது. அக்கா கல்யாணமாகி வரும்போது கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அண்ணாச்சிதான் அவனைச் சைக்கிள் முன்கம்பியில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டார், பி.பார்ம் படிக்க வைத்தார். தமக்குப் பிள்ளை இல்லை என்பதை அண்ணாச்சி நினைக்காமல் இருந்ததற்கு அவன்தான் காரணம். தூத்துக்குடியில் மார்க்கெட் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறான்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணாச்சி ஆசாவைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்த நேரம், வெள்ளத்துரை வாசலில் வந்து நின்றான். உள்ளறையில் கட்டிலில் கிடந்த அக்காவைப் பார்த்தான். காலைப் பார்த்தான். திரும்பிக் கூடத்துக்கு வந்து நடுவில் நின்றான்.

"அத்தான், கர்த்தர் பேரச் சொல்லி அக்காவைக் கொன்னுராதீங்க. கால் அழுகுது. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம். உங்க கால்ல விழுதேன்."

விழவும் விழுந்தான். இருபத்தைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இருபத்தைந்து பேர் இல்லாமல் இருந்திருந்தால் அண்ணாச்சி இறங்கிவந்திருப்பாரோ என்னவோ. தான் தூக்கி வளர்த்த பயல், தன் கூடத்தில், தன் ஜனங்களுக்கு முன்னால் தன்னைக் கொலைகாரன் என்கிறான் என்பது மட்டும்தான் அவர் காதில் விழுந்தது.

"ஏலே, வெளிய போ. இந்த வாசப்படி இனி உனக்கு இல்ல. இவன்கூடப் பேசுதவங்க யாரும் இந்தக் கூட்டத்துக்கு வரவேண்டாம்."

மறுநாளும் அதற்கு மறுநாளும் வெள்ளத்துரை வந்தான். அண்ணாச்சி கேட்டைப் பூட்டிக்கொண்டார். முத்துமணி அதற்குப்பிறகு இருபத்துமூன்று நாள் உயிரோடு இருந்தாள். கடைசி நாட்களில் காய்ச்சல் மூளைக்கு ஏறி, "தொரை சாப்பிட்டானா? பள்ளிக்கூடத்துல இருந்து வந்துட்டானா?" என்று கேட்டபடி கிடந்தாள். "வந்துட்டான், தூங்குதான்" என்று அண்ணாச்சி சொன்னார். அவர் வாழ்க்கையில் தெரிந்தே சொன்ன பொய்கள் குறைவு. இது அதில் ஒன்று.

அடக்கத்தன்று பெட்டிக்குப் பக்கத்தில் யாராலும் நிற்க முடியவில்லை. அண்ணாச்சி சென்ட் பாட்டில்களை வாங்கிவரச் சொல்லி, ஒவ்வொன்றாகத் திறந்து பெட்டிக்குள் ஊற்றினார். ஒரு மூட்டை சம்பங்கிப் பூவைக் கொட்டினார். வெள்ளத்துரை கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே சாலையில் நின்றான். உள்ளே வரவில்லை. அவனை யாரும் கூப்பிடவும் இல்லை.

இது நடந்து ஒன்றரை வருஷம் கழித்து அண்ணாச்சிக்குப் புதுச் செருப்பு கடித்தது.

சுண்டுவிரலில் சின்னக் கொப்புளம். வலியே இல்லை. பத்து நாளில் விரல் கறுத்தது. எண்ணெய் தடவிக் கட்டுப் போட்டார். ஒரு மத்தியானம் கட்டை அவிழ்த்தபோது ஒரு வாடை வந்தது. அந்த வாடையை அவருக்கு நன்றாகத் தெரியும். மூன்று மாதம் அதற்குள்ளேயே குடியிருந்தவர்.

அண்ணாச்சிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மரணத்துக்குப் பயப்படுகிற ஆளில்லை என்று தன்னைப்பற்றி அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார். சட்டையை மாட்டினார், கதவைப் பூட்டினார், யார் கண்ணிலும் படாமல் சாலைக்கு வந்து டவுன் பஸ்ஸில் ஏறினார். ஜெபம் பண்ணவில்லை. ஜெபம் பண்ணத் தோன்றவே இல்லை. பாதி வழியில்தான், தான் எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. இறங்கிவிடலாம் என்று நினைத்தார். ஆனால் இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சர்க்கரை நானூறுக்கு மேலே காட்டியது. அவருக்கும் சர்க்கரை இருந்திருக்கிறது, பார்த்தால்தானே தெரியும். இரண்டு விரல்களை எடுத்தார்கள். நாலாம் நாள் டாக்டர் சண்முகப்ரியா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மகள் வயதுதான் இருக்கும்.

"நல்லவேளை ஐயா, வந்துட்டீங்க. புண்ணு நல்லா ஆறுது. கால் தப்பிச்சுது."

அண்ணாச்சி கேட்டார். "மூணு மாசம் ஆனபொறவு வந்திருந்தா?"

"கால் போயிருக்கும்."

"ஆளு?"

"ஆள் பிழைச்சிருப்பாங்க ஐயா. முக்காவாசிப் பேர் பிழைச்சுருவாங்க. ஏன் கேக்கீங்க?"

ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார். அவள் காலுக்கு ஜெபம், தன் காலுக்கு டாக்டர். ஆசாகூட இதைச் செய்யவில்லை. அவன் தன் காலுக்குத்தான் வைத்தியனைத் தேடினான். பெண்டாட்டியைத் தடுத்ததாக எங்கும் எழுதியில்லை.

அந்தப் படுக்கையில்தான் அவர் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தார். நாற்பது வருஷப் பிரசங்கத்தில் அவர் எப்போதும் பன்னிரண்டாம் வசனத்தில் தொடங்கிப் பதின்மூன்றில் முடித்துவிடுவார். மேலே என்ன இருக்கிறது என்று கண் ஓடியிருக்கிறதே தவிர மனம் ஓடியதில்லை. இப்போது ஓடியது. கால் வியாதி வருவதற்கு மூன்று வருஷம் முன்னால் தீர்க்கதரிசி ஒருவன் ராஜாவிடம் வந்து, நீ கர்த்தரை விட்டு வேறொரு ராஜாவை நம்பியது புத்தியில்லாத காரியம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னான். ராஜாவுக்குக் கோபம் பொங்கியது. சொன்னவனைச் சிறையில் போட்டான். ஆசாவுக்கு அதற்குப்பிறகு உண்மை சொல்ல ஒருத்தரும் வந்ததாக இல்லை. சிறையில் கிடந்தவனை ராஜா வெளியே விட்டதாகவும் இல்லை. கடைசி வசனத்தில், செத்த ராஜாவை வாசனைத் திரவியங்கள் நிறைந்த மெத்தையில் வைத்தார்கள் என்று இருந்தது. அந்த இடத்தில் அண்ணாச்சி புத்தகத்தை மூடி நெஞ்சில் வைத்துக்கொண்டார். சம்பங்கி நாற்றம் அடித்ததுபோல் இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்ட அன்றே ஆட்டோ பிடித்து வெள்ளத்துரையின் கடைக்குப் போனார். கையில் மருந்துச் சீட்டு, கக்கத்தில் ஊன்றுகோல். கடையில் கூட்டம் இல்லை. வெள்ளத்துரை நிமிர்ந்து பார்த்தான். அவர் முகத்தைப் பார்த்தான், கட்டுப்போட்ட காலைப் பார்த்தான். சீட்டை வாங்கி வாசித்தான். உள்ளே போய் மாத்திரைகளை எடுத்துவந்து, காலை, இரவு என்று உறையில் எழுதினான்.

"தொரை," என்றார் அண்ணாச்சி. "என்னைய மன்னிச்சுரு."

வெள்ளத்துரை பேனாவை மூடினான். "மன்னிப்பெல்லாம் எங்கிட்ட இல்ல அத்தான். மாத்திரதான் இருக்கு."

அண்ணாச்சி உறையை வாங்காமல் நின்றார். வெள்ளத்துரைக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. குரல் உடைந்து சொன்னான்:

"நீங்க கேட்டப் பூட்டுததுக்கு முன்னாடி, அக்காவுக்கு மாத்திர குடுத்தனுப்புனேன் அத்தான். பேச்சிச்செல்வி கையில. உங்களுக்குத் தெரியாம முழுங்கிருன்னு சொல்லியனுப்புனேன். அக்கா அத அப்படியே திருப்பி விட்டுட்டா. என்ன சொன்னா தெரியுமா? 'அவரு வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், முழுங்குதேன். இனி நானாக் கேக்க மாட்டேன். எப்படியும் சொல்லிருவாரு'ன்னு சொன்னா. பாத்துக்கிட்டே கெடந்திருக்கா, நீங்க எப்பச் சொல்லுவீங்கன்னு."

அண்ணாச்சி கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள், மூன்று மாதம் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்ததன் அர்த்தம் அவருக்கு இப்போதுதான் விளங்கியது. வலியில் பார்க்கிறாள் என்று நினைத்திருந்தார். அவர் விம்மி விம்மி அழுதார். மருந்து வாங்க வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். வெள்ளத்துரை வெளியே வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்தில் பதினெட்டு பேர் இருந்தார்கள். அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து ஆசாவின் பக்கத்தைத் திருப்பினார். ஏழாம் வசனத்திலிருந்து வாசித்தார். வழக்கமான தொண்டை இல்லை, பின்வரிசை ஆட்கள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"நான் இத்தன வருஷமா உங்களுக்குத் தப்பாச் சொல்லிட்டேன்," என்றார். "ஆசா வைத்தியனத் தேடுனதால சாகல. கர்த்தர விட்டதும் கால் வியாதி வந்த பொறவு இல்ல, அதுக்கு முன்னாடியே. நல்லது சொன்னவன உள்ள போட்டுப் பூட்டினான் பாருங்க, அன்னைக்கே அவன் கெட்டான். நானும் பூட்டினேன். உங்க கண்ணு முன்னாடிதான் பூட்டினேன். முத்துமணிக்கு வந்த வசனத்துல மாத்திர முழுங்காதேன்னு எழுதியில்ல. அத எழுதினது நான். அவ சாவு என்னால."

காலைத் தூக்கி, கட்டை எல்லோருக்கும் காட்டினார். "எனக்கு வந்தப்ப நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்."

ஒருவர் எழுந்து வெளியே போனார். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் போனார்கள். அண்ணாச்சி யாரையும் தடுக்கவில்லை. "யாரைத் தேடுனான்?" என்று கேட்கிற இடம் வந்தது, கேட்கவில்லை. புத்தகத்தை மூடவும் இல்லை.

முத்துமணி உட்காருகிற ஜன்னலோரத்தில் பேச்சிச்செல்வி உட்கார்ந்திருந்தாள். புடவைக்குள் ஒரு காலை மடக்கி மறைத்திருந்தாள். பெருவிரலைச் சுற்றி எண்ணெய் ஊறிய துணி தெரிந்தது. வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்துவிட்டு, கடைசியில் மெதுவாகக் கேட்டாள்:

"அண்ணாச்சி, அப்பம் நான் மாத்திர முழுங்கலாமா?"

அண்ணாச்சிக்கு அந்த ஜன்னலோரம் மறைந்து வேறொரு முகம் தெரிந்தது. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது என்று இப்போது அவருக்குத் தெரிந்தது. ஒரு நொடிகூட ஆகவில்லை.

"முழுங்கு தாயி," என்றார். "இப்பமே போ. வெள்ளத்துரை கடைக்குப் போ. நான் சொன்னேன்னு அவங்கிட்டச் சொல்லு."